அடிச்ச மணி யாருக்குச் சொந்தம்?

நடுவர் அவர்களே, வணக்கம். சபைக்கும் வணக்கம். மிச்ச வணக்கமெல்லாம் கடைசியில. நீங்க மணியைத் தொடுறதுக்குள்ள நான் விஷயத்துக்கு வந்தாகணும்.

"கமிஷன் மட்டுமே தரும் தெரு விற்பனையும் நன்கொடை வசூலும் இளைஞர்களுக்குப் பள்ளிக்கூடமா, சுரண்டலா?" சுரண்டல்னு பேச ஏழெட்டு பாயிண்ட் எழுதி வச்சிருந்தேன். எதிரணித் தோழர் ஒரே வசனத்துல அத்தனையையும் மறக்கடிச்சுட்டார். "சம்பளக்காரன் மணி பார்ப்பான், கமிஷன்காரன் மணி அடிப்பான்!" நீங்க கைதட்டினீங்க. நானும்தான் தட்டினேன்.

என்ன மணின்னு தெரியாதவங்களுக்குச் சொல்லிடுறேன். இந்த மாதிரி ஆபீஸ் பலதுல சுவத்துல ஒரு மணி தொங்கும். அன்னைய டார்கெட்டை முடிச்சவன் சாயங்காலம் வந்து அடிக்கணும். மத்தவங்க ஓன்னு கத்தணும்.

அந்த மணி வரைக்கும் நடந்து பார்ப்போமா? காலையில மீட்டிங். ஒருத்தன் வீட்டுக்காரனா நிப்பான், இன்னொருத்தன் கதவைத் தட்டி வசனம் ஒப்பிப்பான். அந்த ஒரு மணி நேரத்துக்குக் காசு கிடையாது. ஏரியாவுக்குப் போற டிக்கெட்டும் சொந்தக் காசு. ஏன்னா அவன் ஊழியன் இல்லையாம், 'சுயதொழில்' செய்றானாம். எந்தத் தெரு, எத்தனை மணி, என்ன வசனம், எல்லாம் கம்பெனி சொல்லும். கால் சுளுக்கிக்கிட்டா மட்டும் அவன் முதலாளி!

ஒரு கணக்குக்கு 80 கதவுன்னு வைங்க. 45-ல ஆளே இல்லை. 25-ல "வேண்டாம்"னு பாதி வாக்கியத்துல சாத்துறாங்க. 8 பேர் கடைசி வரைக்கும் பொறுமையாக் கேட்டுட்டு "யோசிச்சு சொல்றேன்"கிறாங்க. 2 பேர் கையெழுத்து. அடிச்சான்யா மணி! டங்!

இப்பதான் கதையே. மறுநாள் ஆபீஸ்ல இருந்து சரிபார்ப்பு போன் போகுது. "நேத்து கையெழுத்து போட்டீங்களா?" "எந்தப் பையன்? தண்ணி பில்டரா? எனக்கெதுக்கு?" தோழரே, பாதி மணி போச்சு! மிச்சம் 'ட'தான் இருக்கு, 'ங்' இல்லை.

அடுத்தது அந்த இன்னொரு கையெழுத்து. வாசல்ல நடக்குற பல விற்பனையை ரத்து பண்ண அமெரிக்காவுல 3 வேலை நாள், ஐரோப்பிய ஒன்றியத்துல 14 நாள் சட்டமே அவகாசம் தருது. நியாயமான சட்டம். 13-வது நாள் மகள் வந்து பேப்பரைப் பார்க்குறா. அதுவும் காலி. 'ட'வும் போச்சு!

குடுத்த கமிஷனை அடுத்த வாரக் காசுல பிடிச்சுக்குவாங்க. 'க்ளாபேக்'னு பேரு. நன்கொடைன்னா மணி இன்னும் நீளமா ஆடும். மாசாமாசம் பேங்க்ல கழியுற ஏற்பாடு அது. கணக்கு எண்ல ஒரு இலக்கம் மாறினா முதல் தவணையே திரும்பிடும். குடுத்தவர் சீக்கிரமே நிறுத்திட்டாலும் பல இடங்கள்ல கமிஷன் போயிடும். அடிக்கிறப்ப ஓன்னு கத்துன கூட்டம், பிடிக்கிறப்பவும் கத்தணுமா இல்லையா? மூச்! கணக்குச் சீட்டுல ஒரு மைனஸ், அவ்வளவுதான்.

"முன்னேறி டீம் லீடர் ஆகலாமே"ன்னாங்க. ஆகலாம். புதுசா வர்றவன் விற்கிறதுல ஒரு பங்கு லீடருக்கு. வருஷம் முழுக்க 'ஆட்கள் தேவை' விளம்பரம் ஏன் வருதுன்னு இப்பப் புரியுதா? ஏ.எஃப்.பி.ன்னு நன்கொடை திரட்டுறவங்களோட சங்கமே ஒண்ணு இருக்கு. வசூல்ல சதவீதம் வாங்கக் கூடாதுன்னு அவங்க நெறிமுறையிலேயே எழுதி வச்சிருக்காங்க. நான் சொன்னா எதிரணி கேட்க மாட்டாங்க. தொழில்ல இருக்கிறவங்களே சொல்றாங்க!

நடுவர் அவர்களே, அந்த 13-வது நாள் ரத்தான கையெழுத்து யாரோடது தெரியுமா? தனியா இருக்குற ஒரு பாட்டியோடது. பொருளைப் பத்தி ஒரு வார்த்தை அவங்க காதுல விழலை. வெயில்ல வந்த புள்ளையை உட்கார வச்சு, சாப்பிட்டியான்னு கேட்டாங்க. அவன் எழுந்துடக் கூடாதேன்னு கையெழுத்து போட்டாங்க. அது அவனுக்கும் தெரியும். "மகளைக் கேட்டுட்டுப் போடுங்கம்மா"ன்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. சொன்னா அன்னிக்குக் கூலி இல்லை. சொல்லலை. கிளம்பும்போது "மறுபடி வாப்பா"ன்னாங்க. "வர்றேம்மா"ன்னான். மறுநாள் அவனுக்கு வேற தெரு.

தோழரே, நீங்க சொன்ன மணி ஆபீஸ் சுவத்துல இருக்கு. பாட்டி வீட்டு வாசல்லயும் ஒரு மணி இருக்கு. அது எப்ப அடிச்சாலும் அந்தப் புள்ளைதான்னு, முட்டியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து வர்றாங்க.

நடுவர் கை மணிக்குப் போயிடுச்சு. அடிங்க அய்யா. வணக்கம்.