வக்கீலுக்கும் வக்காலத்துக்கும் ஒரே வேர்

வணக்கம் மக்களே. காலையில் பாரிமுனையில் தம்புச்செட்டித் தெரு வழியாக வந்தேன், எங்கே பார்த்தாலும் வக்கீல் போர்டு. வக்கீல், வக்காலத்து, இரண்டையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: வ், க், ல் அதே வரிசையில் நிற்கும். இரண்டும் அரபியிலிருந்து வந்தவை, வேர் வ்-க்-ல், ஒப்படைப்பது என்று பொருள். தாசில்தாரில் இருக்கிற தாசிலும் வயலில் எடுக்கிற மகசூலும்கூட இப்படித்தான், ஹ்-ஸ்-ல் என்ற ஒரே வேர்.

தமிழில் நாம் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டே போவோம்: படி, படித்தான், படித்தானாம். அரபியில் வேரின் மெய் மூன்றும் அசையாமல் நிற்க, உயிர் நடுவில் புகும். அதனால் ப்ரோகிராம் எழுத ஆசையாக இருக்கும். ‘ம, 1, 2, ஊ, 3’ என்று ஓர் அச்சு; எண்கள் வேரின் மூன்று மெய்களுக்கான இடங்கள். அதில் ‘எழுது’ என்ற வேரான க்-த்-ப் போட்டால் மக்தூப், எழுதப்பட்டது. ‘1, ஆ, 2, இ, 3’ என்றால் காதிப், எழுதுபவர். பைத்தானில் பத்து வரிகூட வேண்டாம்.

இந்தப் பார்வை புதிதில்லை. 1979இல் மொழியியலாளர் ஜான் மெக்கார்த்தி தன் எம்.ஐ.டி. ஆய்வேட்டில் வேர், உயிர், அச்சு மூன்றையும் தனித்தனி அடுக்காகப் பிரித்தார், 1987இல் கணினி மொழியியலாளர் மார்ட்டின் கே அவற்றை மூன்று நாடாவில், அதாவது எழுத்துகள் வரிசையாக நிற்கும் மூன்று பட்டைகளில், வைத்து, நான்காவது நாடாவில் முழுச் சொல் வரும்படி, கணினிக்கான ஒரு கருத்தளவு எந்திரம் வடிவமைத்தார்.

சரி, சிக்கல் எங்கே? வேரில் வ், ய் வந்தால். க்-வ்-ல், ‘சொல்’. ‘சொன்னான்’ என்பதற்கு என் ப்ரோகிராம் ‘கவல’ என்று துப்பியது, ஆனால் அரபியர் சொல்வது ‘கால’. நம் கல்லும் தூணும் கற்றூண் ஆகிற மாதிரி இதுவும் புணர்ச்சிதான் என்று நினைத்து, ‘அவ’ வந்தால் ‘ஆ’ என்று ஒரு விதி போட்டேன். அடுத்து ‘சொன்னேன்’ என்றால் ‘குல்து’, வகரம் காணாமல் போய் அதன் இடத்தில் உகரம் நிற்கிறது, அதற்கும் ஒரு விதி. அப்புறம் ந்-வ்-ம், ‘தூங்கு’. நடுவில் அதே வகரம்தான், ‘தூங்கினான்’ என்பது ‘நாம’, ஆனால் ‘தூங்கினேன்’ என்பது ‘நும்து’ இல்லை, ‘நிம்து’! இரண்டு நாள் இதிலேயே போனது. வேரை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது; இந்த வினையின் அடி வடிவம் ‘நவிம’, அந்த இகரத்தை அகராதியில் வேரோடு சேர்த்து எழுதிவைத்தாக வேண்டும். எழுதிவைத்தேன், நேற்று ராத்திரி இரண்டும் சரியாக வந்தன.

அடுத்த வீடியோவில் பன்மை: கிதாப் என்றால் ஒரு புத்தகம், குதுப் என்றால் பல.