ரெண்டாம் உலகப் போர ஜெயிச்சது யாரு, ரஷ்யாவா அமெரிக்காவா? – கேள்வி பதில்

சரி, அடுத்த கேள்வி. ஒரு தம்பி கேட்டிருக்காரு, "சார், படத்துல எல்லாம் அமெரிக்காக்காரங்க பிரான்ஸ் கடற்கரையில நார்மண்டியில எறங்குனதாலதான் ஹிட்லர் தோத்த மாதிரி காட்டுறாங்க, ஆனா என் ரூம்மேட் சொல்றான் ரஷ்யா தனியாவே ஜெர்மனிய முடிச்சிருக்கும், அமெரிக்கா கடைசியில வந்து பேர் வாங்கிட்டு போயிடுச்சுன்னு, இதுல எது உண்மை, நேச நாடுகள்ல யாரோட பங்கு அதிகம்?" அப்படின்னு.

நல்ல கேள்வி தம்பி. பதில மொதல்லயே சொல்லிடறேன், காரணத்த அப்பறம் பாப்போம். ஜெர்மன் தரைப்படையோட முதுகெலும்ப ஒடச்சது சோவியத் யூனியன்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா "தனியாவே முடிச்சிருக்கும்"னு உங்க ரூம்மேட் சொல்றாரே, அத நான் ஒத்துக்க மாட்டேன்.

இந்த விஷயத்துல ஜனங்களோட அபிப்பிராயம் எப்படி மாறியிருக்குன்னு பாருங்க. 1945 மே மாசம், போர் முடிஞ்ச சூட்டோட பிரான்ஸ்ல ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தாங்க, ஜெர்மனிய தோக்கடிச்சதுல யாரு பங்கு அதிகம்னு. 57 சதவீதம் பேர் சோவியத் யூனியன்னு சொன்னாங்க, அமெரிக்கான்னு சொன்னவங்க 20 சதவீதம்தான். இத்தனைக்கும் பிரான்ஸ்ல வந்து எறங்கி அவங்கள விடுவிச்சது அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும். அதே கேள்விய 2004ல கேட்டப்ப அப்படியே தலைகீழ், அமெரிக்காவுக்கு 58, சோவியத்துக்கு 20. நடந்தது ஒண்ணும் மாறல, நடுவுல அறுவது வருஷ சினிமாவும் பனிப்போரும் வந்துடுச்சு, அவ்ளோதான்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். 1941 ஜூன் 22, சுமார் 30 லட்சம் ஜெர்மன் வீரர்கள் சோவியத் எல்லைக்குள்ள நுழையறாங்க. மொதல் ஆறு மாசம் சோவியத்துக்கு அடின்னா அப்படி ஒரு அடி, கீவ் நகரத்துக்கு பக்கத்துல மட்டும் 6 லட்சம் பேர் கிட்ட சுத்தி வளைச்சு பிடிபட்டாங்க. இதுக்கு சோவியத் தலைவர் ஸ்டாலினும் ஒரு காரணம், சும்மா சொல்லல, 1937, 38ல தன்னோட ராணுவ அதிகாரிகளயே களையெடுத்தாரு, மொத்தம் இருந்த 5 மார்ஷல்ல, அதாவது ராணுவத்தோட உச்ச பதவியில இருந்தவங்கள்ல, 3 பேர் காலி. 1939ல ஹிட்லரோட ஒப்பந்தம் போட்டு போலந்த பங்கு பிரிச்சுக்கிட்டதும் இதே ஸ்டாலின்தான், ஜெர்மனி தாக்குற நாள் வரைக்கும் எண்ணெயும் தானியமும் அங்க போயிட்டே இருந்துச்சு. இதையும் சேத்துதான் பேசணும்.

ஆனாலும் நின்னாங்க பாருங்க. சண்டை நடந்துட்டு இருக்கும்போதே 1,500க்கு மேற்பட்ட பெரிய தொழிற்சாலைகள கழட்டி ரயில்ல ஏத்தி யூரல் மலைப்பக்கம் கொண்டு போய் திரும்ப மாட்டுனாங்க. லெனின்கிராட் நகரம் 872 நாள் முற்றுகையில கெடந்துச்சு, பசியிலயே லட்சக்கணக்குல செத்தாங்க. 1941 டிசம்பர்ல மாஸ்கோ வாசல்ல ஜெர்மன்காரன நிறுத்தினது, 1943 பிப்ரவரியில ஸ்டாலின்கிராட்ல ஒரு முழு ஜெர்மன் ஆர்மிய சரணடைய வெச்சது, இது ரெண்டும் பெரும்பாலும் சோவியத்தோட சொந்த பலத்துல நடந்தது, ஏன்னா அமெரிக்க உதவி பெரிய அளவுல வந்து சேந்தது அதுக்கப்பறம்தான். நார்மண்டி எப்ப நடந்துச்சு? 1944 ஜூன் 6. ஸ்டாலின்கிராட் முடிஞ்சு ஒரு வருஷம் நாலு மாசம் கழிச்சு. போர்ல செத்த ஜெர்மன் வீரர்கள்ல கிட்டத்தட்ட நாலுல மூணு பங்கு கிழக்கு முனையில, அதாவது சோவியத்தோட நடந்த சண்டையிலதான் செத்தாங்க.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், நெறய பேர் "சோவியத்ல 2.7 கோடி பேர் செத்தாங்க, அமெரிக்காவுல 4 லட்சம்தான், அதனால சோவியத்தான் அதிகம் செஞ்சுது"ன்னு வாதம் பண்றாங்க. தயவுசெஞ்சு அப்படி பேசாதீங்க. அந்த 2.7 கோடியில பாதிக்கு மேல சாதாரண ஜனங்க, ஊர ஊரா கொளுத்தி கொன்னது, பட்டினி போட்டு கொன்னது. கைதியா பிடிபட்ட சோவியத் வீரர்கள்லயே சுமார் 33 லட்சம் பேர் ஜெர்மன் முகாம்ல செத்தாங்க. அது அவங்க மேல நடந்த கொடுமை, அத போய் மார்க் மாதிரி எண்ணக்கூடாது. எதிரியோட படைய எவ்ளோ அழிச்சாங்கங்கறத வெச்சு பாருங்க, அப்பவும் சோவியத்தான் முன்னாடி நிக்கும். அப்பறம் சோவியத்னா ரஷ்யா மட்டும் இல்ல, உக்ரைன்காரங்க, பெலாரஸ், ஜார்ஜியா, கசக், உஸ்பெக் எல்லாரும் அந்த படையில இருந்தாங்க. பெலாரஸ்ல நாலுல ஒருத்தர் செத்துப்போனாங்க. எல்லாத்தையும் ரஷ்யா கணக்குல எழுதறது அவங்களுக்கு செய்ற அநியாயம்.

சரி, அப்ப ஏன் "தனியா முடிச்சிருக்கும்"ங்கறத ஒத்துக்கலன்னா, லாரி தம்பி, லாரி. ஜெர்மன் படைன்னா டாங்கும் மோட்டாருமா ஓடுறதுன்னு நெனைக்கிறோம்ல, 1941ல உள்ள நுழையும்போது அவங்க கூட 6 லட்சம் குதிரைங்க போச்சு, பீரங்கிய குதிரைதான் இழுத்துச்சு, காலாட்படை நடந்துதான் போச்சு. சோவியத்துக்கும் ஆரம்பத்துல அதே நெலமைதான். அமெரிக்கா லெண்ட் லீஸ்ங்கற போர் உதவித் திட்டத்துல லாரியும் ஜீப்புமா சேத்து 4 லட்சத்துக்கு மேல அனுப்புச்சு. அதுல ஸ்டுடிபேக்கர்னு ஒரு லாரி, பின்னாடி ரெண்டு ஆக்ஸில், எல்லா சக்கரத்துக்கும் இஞ்சின் பவர் போகும். ரஷ்யாவுல பனி உருகற சீசன்ல ரோடே இருக்காது, முழங்கால் சேறு, அதுல மத்த வண்டியெல்லாம் மாட்டிக்கிட்டு நிக்கும், இது நகந்துடும். கட்யூஷா ராக்கெட் லாஞ்சர் கேள்விப்பட்டிருப்பீங்க, சோவியத்தோட பெருமை, போரோட பின்பாதியில அத பெரும்பாலும் இந்த அமெரிக்க லாரி முதுகுலதான் மாட்டியிருந்தாங்க. இது போக சுமார் 2,000 ரயில் இஞ்சின் வந்துச்சு, அதனாலதான் சோவியத் இஞ்சின் செய்றத ஏறக்குறைய நிறுத்திட்டு அந்த தொழிற்சாலைகள டாங்க் செய்ய விட முடிஞ்சுது. விமான பெட்ரோல், டெலிபோன் கம்பி, பூட்ஸ், டின்ல அடைச்ச இறைச்சி, பட்டியல் போனா போயிட்டே இருக்கும்.

இதோட பலன் எங்க தெரிஞ்சுதுன்னா 1944 ஜூன் கடைசியில, ஆபரேஷன் பக்ராதியோன். நார்மண்டி நடந்த ரெண்டே வாரத்துல பெலாரஸ்ல சோவியத் அடிச்ச அடி. ஜெர்மனியோட மத்திய படைப்பிரிவே காணாம போச்சு, ஒன்றரை மாசத்துல 500 கிலோமீட்டர் கிட்ட முன்னேறி வார்சா பக்கத்துல வந்து நின்னாங்க. ஜூலை 17ஆம் தேதி 57,000 ஜெர்மன் கைதிகள மாஸ்கோ தெருவுல நடக்க விட்டாங்க, அழுக்கு யூனிஃபார்ம், தாடி, முன்னாடி ஜெனரல்கள், ரெண்டு பக்கமும் ஜனங்க பாத்துட்டு நிக்கறாங்க, கடைசி வரிசை போனதும் பின்னாடியே தண்ணி வண்டி வந்து ரோட்ட கழுவிட்டு போச்சு. அந்த வெற்றி முழுக்க சோவியத் வீரனோட ரத்தம்தான், ஆனா அவன் அவ்ளோ வேகமா போனது அமெரிக்க டயர்ல. 1943ல தெஹ்ரான் மாநாட்டுல ஸ்டாலினே இத ஒத்துக்கிட்டாரு, அமெரிக்காவோட மெஷின்கள் இல்லன்னா இந்த போர தோத்திருப்போம்னு விருந்துல எந்திரிச்சு சொன்னாரு. அவரே சொன்னதுக்கப்பறம் நாம என்ன வாதாடறது.

பிரிட்டன சுருக்கமா சொல்லிடறேன். 1940ல பிரான்ஸ் விழுந்தப்ப பிரிட்டன் சமாதானம் பேசியிருந்தா அப்பறம் நார்மண்டிக்கு படைய ஏத்த ஒரு கரையே இருந்திருக்காது. அட்லாண்டிக் கடல்வழிய தொறந்து வெச்சதும் பெரும்பாலும் பிரிட்டனும் கனடாவும்தான். அப்பறம் எனிக்மான்னு ஜெர்மனியோட ரகசியச் செய்தி மெஷின், அதோட கோட ஒடச்சது பிரிட்டன்னு படிச்சிருப்பீங்க, அதுக்கு அடித்தளம் போட்டது போலந்துக்காரங்க, 1932லயே மரியன் ரெயெவ்ஸ்கின்னு ஒரு கணித அறிஞர் அத ஒடச்சுட்டாரு, 1939 ஜூலையில வார்சா பக்கத்துல வெச்சு பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் எல்லாத்தையும் காட்டிக் குடுத்தாங்க.

பசிபிக் பக்கம் வந்தா கதை வேற, அங்க ஜப்பான் கடற்படைய முடிச்சது அமெரிக்காதான், பேச்சே இல்ல. ஜப்பானோட சரக்கு கப்பல்ல பாதிக்கு மேல அமெரிக்க நீர்மூழ்கிகளே மூழ்கடிச்சுது, எண்ணெயும் அரிசியும் வராம அந்த நாடே திணறுச்சு. ஆனா சைனாவ ஏன் எல்லாரும் மறந்துடறீங்க? அவங்களுக்கு போர் 1937 ஜூலையிலயே ஆரம்பிச்சாச்சு. ஜப்பான் தரைப்படையோட ஒரு பெரிய பகுதிய எட்டு வருஷம் அங்கயே கட்டிப் போட்டு வெச்சாங்க. ஜப்பான்காரன் முன்னேறாம தடுக்க 1938 ஜூன்ல தன்னோட மஞ்சள் நதிக்கரைய தாங்களே ஒடச்சு விட்டாங்க, வெள்ளத்துலயும் அதுக்கப்பறம் வந்த பட்டினியிலயும் லட்சக்கணக்குல செத்தது அவங்க சொந்த விவசாயிங்க. சைனா 1938லயே சரணடைஞ்சிருந்தா அவ்ளோ ஜப்பான் படையும் வேற எங்க போயிருக்கும்னு யோசிச்சு பாருங்க.

அதே மாதிரி இந்தியா. 25 லட்சம் பேர், கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாம தானா சேந்த படை, உலகத்துலயே அதுதான் பெருசு. வட ஆப்பிரிக்கா, இத்தாலியில மான்ட்டி கசீனோ, பர்மா எல்லா இடத்துலயும் இருந்தாங்க. 1944ல இம்பாலுக்கும் கோஹிமாவுக்கும் ஜப்பான்காரன் 85,000 பேர் கிட்ட வந்தான், அதுல பாதிக்கு மேல செத்தும் காயம்பட்டும் நோயிலயும் போயிட்டாங்க. கோஹிமாவுல டெபுட்டி கமிஷனர் பங்களா டென்னிஸ் கோர்ட், அந்தப்பக்கம் ஜப்பான்காரன், இந்தப்பக்கம் நம்ம ஆளுங்களும் பிரிட்டிஷ்காரங்களும், நடுவுல அந்த கோர்ட் அகலம்தான், கிரெனேட் கையாலயே வீசிக்கிற தூரம். அதே இம்பால் சண்டையில ஜப்பான் பக்கம் நேதாஜியோட இந்திய தேசிய ராணுவம், அதாவது ஐஎன்ஏவும் இருந்துச்சு, மலேயா தோட்டங்கள்ல இருந்து நம்ம தமிழர்கள் ஏராளமா சேந்தது அந்த படையிலதான், அத பத்தி தனியா ஒரு வீடியோ போடணும்.

87,000 இந்திய வீரர்கள் செத்தாங்க. 1943ல வங்காளத்துல பஞ்சம், ஜப்பான்காரன் கைக்கு போயிடக்கூடாதுன்னு பிரிட்டிஷ் அரசு படகெல்லாம் பறிமுதல் பண்ணுச்சு, அரிசி வெல எகிறுச்சு, சுமார் 30 லட்சம் பேர் செத்திருப்பாங்கன்னு மதிப்பீடு. போர் முடியும்போது பிரிட்டன் நமக்கு குடுக்க வேண்டிய பாக்கி 130 கோடி பவுண்டு கிட்ட இருந்துச்சு, அதாவது நம்ம கிட்ட கடனுக்கு சரக்கும் ஆளும் எடுத்துதான் அவங்க அந்த போர நடத்தினாங்க. ஆனா யாரு எவ்ளோ செஞ்சாங்கன்னு பட்டியல் போடுறவங்க இத அப்படியே பிரிட்டனோட வரிசையில சேத்துட்டு போயிடறாங்க. எனக்கு அது ஏத்துக்கவே முடியல தம்பி, நான் பட்டியல் போட்டா சோவியத்துக்கும் அமெரிக்காவுக்கும் கீழ பிரிட்டன் ஒரு வரி, சைனா ஒரு வரி, இந்தியா தனியா ஒரு வரி.

அடுத்து ஒரு அம்மா பேர்ல் ஹார்பர் பத்தி கேட்டிருக்காங்க, அதுக்கு போவோம்.