தாடையில முடி ஏன் முளைக்குது?

வணக்கம் மக்களே! முகத்து முடிக்கு எந்தப் பேக் போடலாம்னுதான் எல்லாரும் கேக்குறீங்க. ஏன் வருதுன்னு யாருமே கேக்கல. இன்னைக்கு அதைப் பேசுவோம்.

உதட்டு மேல பூனைமுடி சகஜம், அதை விடுங்க. பொண்ணுங்களுக்குத் தாடை, நெஞ்சு, தொப்புளுக்குக் கீழன்னு ஆம்பளைங்களுக்கு வளர்ற இடத்துல கறுப்பா, தடிப்பா வந்தாத்தான் கவனிக்கணும். இதுக்குப் பேரு ஹிர்சூட்டிசம். டாக்டருங்க உடம்புல 9 இடம் பாத்து, ஒவ்வொண்ணுக்கும் 0லேருந்து 4 வரைக்கும் மார்க் போடுவாங்க.

முக்கால்வாசிப் பேருக்குக் காரணம் பிசிஓஎஸ், அதாவது சினைப்பையைப் பாதிக்கிற ஒரு ஹார்மோன் கோளாறு. ரத்தத்துல இன்சுலின் கூடுனா, சினைப்பை ஆண்ட்ரோஜனை, அதாவது ஆண் ஹார்மோனை, அதிகமா சுரக்கும். போதாததுக்கு, அந்த ஹார்மோனைப் பிடிச்சு வைக்கிற புரதத்தையும் கல்லீரல் குறைச்சிடும். பின்கழுத்து கறுத்து, தொட்டா வெல்வெட்டு மாதிரி இருக்கா? அழுக்குன்னு வீட்ல பீர்க்கங்காய் நாரை வச்சுத் தேய்ப்பாங்களே, அதேதான். அது அழுக்கே இல்லைங்க, பெரும்பாலும் இன்சுலின் வேலை.

இன்னொண்ணு, எனக்கு ரொம்பக் கோவம் வர்ற விஷயம். வெள்ளையாகணும்னு மெடிக்கல்ல சீட்டு இல்லாம வாங்குற க்ரீம். ட்யூபைத் திருப்பிப் படிங்க. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன்னு இருந்தா அது ஸ்டீராய்டு. மாசக்கணக்கா பூசினா தோல் மெலிஞ்சு, சிவந்து, கன்னத்துல முடியும் முளைக்கும். முடி கொட்டுதுன்னு போடுற மினாக்சிடிலும் முகத்துல முடி வளர்க்கும். இது ரெண்டும் ஹார்மோன் கோளாறு இல்ல, மருந்தோட விளைவு. அதுக்காக ஸ்டீராய்டைத் திடீர்னு நிறுத்தாதீங்க, முகம் எரிஞ்சு இன்னும் மோசமாகும். தோல் டாக்டரைக் கேட்டு நிறுத்துங்க.

பீரியட்ஸ் சரியா வருது, டெஸ்ட்டும் நார்மல், ஆனாலும் முடி வருதா? அப்படியும் உண்டு. கொஞ்சூண்டு ஆண் ஹார்மோனுக்கே தோல் அதிகமா வேலை செய்யும். அம்மா, அத்தைக்கு இருக்கான்னு பாருங்க.

ஆனா சில மாசத்துக்குள்ள மளமளன்னு வளந்து, குரல் தடிச்சு, முன்னந்தலை வழுக்கையானா ஒரு நாளும் தள்ளிப்போடாதீங்க. சினைப்பையிலயோ, கிட்னிக்கு மேல இருக்குற அட்ரினல் சுரப்பியிலயோ கட்டி இருக்கான்னு பாக்கணும்.

ஷேவ் பண்ணா தடிப்பா வளரும்ங்கிறது சும்மா பேச்சு.

டாக்டர்கிட்ட போறப்போ த்ரெட்டிங் பண்ணிட்டு பளிச்சுனு போய் நிக்காதீங்க. அவங்களுக்கு என்ன தெரியும்? எத்தனை நாளைக்கு ஒரு தடவை எடுக்குறீங்கன்னு சொல்லுங்க, பூசுற ட்யூபையும் பையில போட்டுட்டுப் போங்க.