உறையூர்த் தெருவிலிருந்து மலைக்கோட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

திருச்சி மலைக்கோட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் படியேற்றி, உச்சிப்பிள்ளையார் சன்னதி வாசலில் நிறுத்தி, காவிரியையும் திருவரங்கத்துக் கோபுரங்களையும் காட்டுவார்கள். உறையூர்க்காரனான எனக்கோ அது, எதிர்வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே, ஒரு சாண் அகலத்தில் தெரியும் மலை.

உயரம் ஏறத்தாழ 83 மீட்டர்தான். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பிறந்தவர்கள் இதை மலை என்று ஒப்புக்கொள்ளத் தயங்கலாம். சுற்றிலும் சமவெளியாகக் கிடக்க, தனிப் பாறையாக எழுந்து நிற்பதுதான் அதற்கு அத்தனை கம்பீரத்தைத் தருகிறது. மலை எங்களுக்குக் கிழக்கே இருப்பதால், வாசலில் கோலம் போட்டு நிமிரும் பெண்கள் கும்பிடும் வேளையில் அது வெறும் கரிய உருவம். மாலை வெயில் முகத்தில் விழும்போதுதான் பாறையின் வெடிப்புகளும் உச்சியிலுள்ள சிறு மண்டபமும் துலங்கும்.

நாங்கள் மலையைப் பார்ப்பது இருக்கட்டும், மலை எங்களைப் பார்க்கிறது என்பதுதான் தலபுராணம். சாரமா முனிவர் சிவபூசைக்கு வளர்த்த செவ்வந்தி மலர்களைப் பூ வணிகன் ஒருவன் திருடி உறையூர்ச் சோழனுக்குக் கொடுத்துவர, முனிவர் முறையிட்டதைக் கேட்ட தாயுமானவர் (மலைமேல் கோயில்கொண்ட சிவபெருமான்), கிழக்கு நோக்கியிருந்தவர், மேற்கே திரும்பி உறையூரைச் சினந்து நோக்கினாராம். ஊரின் மேல் மண்மாரி பொழிந்ததாம். சன்னதி இன்றும் மேற்கு நோக்கியே இருக்க, கொடிமரம் மட்டும் பின்புறத்தில் நிற்கிறது. அன்று வீடிழந்த மக்களுக்கெல்லாம் வீடு கிடைக்கும்வரை தனக்கும் கூரை வேண்டாம் என்று வெக்காளியம்மன் வெட்டவெளியில் அமர்ந்திருப்பதாக எங்கள் ஊரார் சொல்வார்கள். பூத்திருடியவனுக்காக ஓர் ஊரையே தண்டிப்பது நியாயமா என்று சிறுவயதில் பாட்டியிடம் கேட்டு, கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லி அதட்டு வாங்கியிருக்கிறேன்.

திருக்கார்த்திகையன்று உச்சியில் தீபம் தெரிந்த பிறகே எங்கள் வீட்டுத் திண்ணையில் அகல் ஏற்றுவோம். தெருமுனையில் அடுக்குமாடி எழும்பியபின் வாசலிலிருந்து உச்சி தெரிவதில்லை. சென்ற ஆண்டு தொட்டியின் இரும்பேணியில் ஏறி நின்று, தீபத்தைக் கண்டதும் கீழே குரல் கொடுத்தவன் என் பேரன்.