நியூவார்க்கில் 36 வருடம், ஒரே கேமரா

[திரையில்: கடை அலமாரிகள், நடுங்கும் கேமரா]

ஒருவர் கடைக்குள் போகிறார். பொருளை உடுப்புக்குள் ஒளித்துக்கொண்டு, காசு கொடுக்காமல் நிதானமாக வெளியே வருகிறார். பின்னாலேயே கேமராவும் வருகிறது. படம் எடுப்பவர் தடுக்கவில்லை, கத்தவில்லை. "இதை வித்தால் எவ்வளவு கிடைக்கும்" என்கிற தோரணையில் பேச்சுக்கொடுக்கிறார், அவ்வளவுதான்.

அந்தக் குரல் அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் ஜான் ஆல்பர்ட்டுடையது. படம், 'லைஃப் ஆஃப் கிரைம் 1984-2020'. இடம், நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவார்க். தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகப் போய், 1967 இனக் கலவரத்தில் அடிபட்டு, எழுந்திருக்கச் சிரமப்பட்ட நகரம். 1984இல் இங்கே இரண்டு ஆண்களையும் ஒரு பெண்ணையும் பின்தொடர ஆரம்பித்தார். மூன்று பேருக்கும் போதைப் பழக்கம், திருட்டுதான் வரும்படி.

[திரையில்: பழைய வீடியோ டேப், பக்கத்தில் பிலிம் சுருள்]

இதை பிலிமில் எடுத்திருக்கவே முடியாது. 16 எம்எம் பிலிமில் 400 அடிச் சுருள் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் கழுவும் செலவு வேறு. வீடியோ டேப் மலிவு. தோளில் போட்டுக்கொண்டு யார் வீட்டு அடுக்களையிலும் போய் உட்காரலாம். ஆல்பர்ட் 1970களிலிருந்தே அப்படிப் பழகியவர்.

முதல் படம் 1989இல் வந்தது, இரண்டாவது 1998இல். எல்லாவற்றையும் சேர்த்து 2021இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்பிஓ வெளியிட்டதுதான் இந்த 'லைஃப் ஆஃப் கிரைம் 1984-2020'.

சரி, திருடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கலாமா? முதல் படத்தோடு அவர் கிளம்பியிருந்தால், பிறர் கஷ்டத்தை வைத்துப் பேர் வாங்கிய ஆள் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். அவர் கிளம்பவில்லை. ஜெயிலுக்குப் போனவர் வெளியே வரும் நாளில் கேமரா அங்கே இருக்கிறது. மறுபடி ஊசி ஏறும்போதும் இருக்கிறது. நிபுணர் பேட்டி, வரைபடம் எதுவும் இல்லை. ஒரு வெட்டில் சில வருடங்கள் தாண்டிப்போகின்றன: அதே முகம், கன்னம் ஒட்டி, பல் போய். அது உறைக்கிற அளவுக்கு எந்தப் புள்ளிவிவரமும் உறைக்காது. ஆனாலும் அந்தக் கடைக்காரர் பக்கம் கேமரா ஒரு தடவையாவது திரும்பியிருக்கலாம் என்கிற உறுத்தல் எனக்கு இன்னும் போகவில்லை.

[திரையில்: இருட்டு, தலைப்பு மட்டும்]

மூவரில் அந்தப் பெண் மீண்டுவிட்டார். பத்து வருடத்துக்கு மேல் போதையைத் தொடாமல், இதே பழக்கத்தில் சிக்கியவர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தார். படம் நல்லபடியாக முடியப்போகிறது என்று நாமும் சாய்ந்து உட்காருகிறோம். கொரோனா வருகிறது, தனிமையில் பழைய பழக்கம் திரும்புகிறது. தலைப்பில் உள்ள 2020, அவர் இறந்த வருடம்.