மல்லிகைக் குச்சிக்கு ஒரு வீடு

நேயர்களுக்கு வணக்கம். நிலக்கோட்டைப் பக்கம் 20 வருடமாக நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். பசுமைக்குடில் பற்றிக் கேட்டு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எத்தனை லட்சம் ஆகும்?" என்றுதான். அது எதற்கு என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

குளிர் நாட்டுக்காரர்கள் கண்ணாடி வீடு கட்டியது சூட்டை உள்ளே பிடித்து வைக்க. நமக்குச் சூட்டுக்கா பஞ்சம்? பங்குனி மத்தியானம் பாலித்தீன் கொட்டகைக்குள் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், இட்லிப் பானைக்குள் நின்ற மாதிரி இருக்கும். கன்று உற்பத்திக்கு நமக்கு வேண்டியது காற்றில் ஈரம், அப்புறம் பாதி வெயில். இந்த இரண்டையும் தருகிற எதுவும் குடில்தான், அதற்கு விலை என்னவாக இருந்தாலும்.

மல்லிகையையே எடுத்துக்கொள்வோம். செடியிலிருந்து குச்சியை வெட்டிய நிமிடத்திலிருந்து அதற்கு ஒரே பிரச்சினை: இலை தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும், குடிக்க வேர் கிடையாது. இலையை முழுக்க உருவிவிட்டால் என்ன என்று தோன்றும். வேர் விடத் தேவையான சத்தும் தூண்டுதலும் பெரும்பாலும் அந்த இலையிலிருந்துதான் இறங்கி வருகின்றன. அதனால் இலையும் இருக்க வேண்டும், அது வாடவும் கூடாது. சுற்றியுள்ள காற்றில் ஈரம் 85, 90 சதவீதம் இருந்தால் இலையிலிருந்து நீர் அதிகம் வெளியேறாது. குடில் செய்கிற வேலை அவ்வளவுதான்.

ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்துக்காரர்கள் காலங்காலமாக மல்லிகைக் கன்று போட்டு நாடெங்கும் அனுப்புகிறார்கள். அங்கே மணலும் கடல் காற்றும் கைகொடுக்கின்றன. நிலக்கோட்டையில் கடலுக்கு எங்கே போவது? அதனால்தான் பனிமூட்டக் கூடம். சில வினாடி புகை மாதிரித் தண்ணீர் தூவும், சில நிமிடம் ஓயும். அது இல்லாதவர்களும் கவலைப்பட வேண்டாம். 50 சதவீத நிழல்வலைக்கு அடியில் மூங்கில் பிளாச்சை வில்லாக வளைத்து, மேலே பாலித்தீன் தாளை மூடி, ஓரத்தில் மண் அணைத்துவிட்டால் போதும். நான் ஆரம்பித்ததே வேப்பமர நிழலில் அப்படித்தான்.

இது ஒன்றும் புது வித்தையும் இல்லை. 1829-இல் லண்டனில் வார்டு என்ற மருத்துவர் ஒரு மூடிய புட்டிக்குள் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை வைத்தார். பூச்சியைப் பார்க்கக் காத்திருந்தவருக்கு, உள்ளே இருந்த ஈர மண்ணில் பெரணியும் புல்லும் முளைத்தது தெரிந்தது. அப்படிப் பிறந்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் கொய்னா மருந்து தருகிற சிங்கோனா கன்றுகள் 1860-களில் கடல் தாண்டி நீலகிரிக்கு வந்தன.

சரி, குச்சிக்கு வருவோம். ஆடியிலிருந்து ஐப்பசி வரை நல்ல காலம். அதிகாலையில் வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிவிடுங்கள். இளசும் இல்லாமல் முற்றலும் இல்லாமல், வளைத்தால் 'பட்' என்று ஒடிகிற பதம். 12 முதல் 15 சென்டிமீட்டர், மூன்று நான்கு கணு. அடிக்கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்ட வேண்டும், வேர் கணுவில்தான் நன்றாக வரும். வேரூக்கியாக இண்டோல் பியூட்டிரிக் அமிலம், லிட்டருக்கு 1 கிராம். அது தண்ணீரில் லேசில் கரையாது. முதலில் கொஞ்சம் ஆல்கஹாலில் கரைத்துப் பிறகு தண்ணீர் சேருங்கள். குச்சியின் அடியைச் சில வினாடி முக்கி எடுத்தால் போதும். "கொஞ்சம் கூடப் போட்டால் சீக்கிரம் வரும்" என்று நினைத்தால் அடி கறுத்து அழுகிவிடும். மணலும் மட்கிய தென்னைநார்க் கழிவும் பாதிப் பாதி கலந்து, அடியில் ஓட்டை போட்ட நாற்றுப் பையில் நிரப்பி நடுங்கள். தண்ணீர் தேங்கினால் அதுவே அழுகலுக்கு அழைப்பு.

நட்ட பிறகு கை சும்மா இருக்காது. வேர் வந்ததா என்று இழுத்துப் பார்க்கத் தோன்றும். தயவுசெய்து இழுக்காதீர்கள், பஞ்சு மாதிரி இருக்கும் புதுவேர் அறுந்துவிடும். துளிர் வந்ததை நம்பியும் ஏமாறாதீர்கள். குச்சி தன் சேமிப்பைச் செலவழித்தே இரண்டு இலை விடும். 30 முதல் 45 நாள் பொறுங்கள். பைக்கு அடியில் இருக்கிற ஓட்டையில் வெள்ளை நுனி எட்டிப் பார்த்தால்தான் கணக்கு.

என் பெரிய நஷ்டம் வேர் வந்த பிறகுதான் வந்தது. முதல் முறை 2000 கன்று, பத்துக்கு எட்டு பிடித்திருந்தது. சந்தோஷத்தில் காலை பத்து மணிக்கே வெட்டவெளிக்குத் தூக்கிப் போய் வரிசையாக அடுக்கிவிட்டு, டீ குடிக்கப் போனேன். சாயங்காலம் இலையைத் தொட்டால் அப்பளமாக நொறுங்கியது. தண்ணீர் ஊற்றாமலா? குடம் குடமாக ஊற்றினேன். ஈரத்திலேயே வளர்ந்த இலையில் மெழுகுப் படலம் சரியாகப் படிந்திருக்காது, அதன் துளைகளுக்கு மூடிப் பழக்கமும் இருக்காது. உள்ளே சுகமாக இருந்ததே வெளியில் எமனாகிவிட்டது.

இப்போது 15 நாள் ஒதுக்குகிறேன். முதலில் சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் தாளைத் தூக்கி வைப்பேன். நாலைந்து நாளில் இரவு முழுக்கத் திறந்திருக்கும். பிறகு தாளே கிடையாது, நிழல்வலை மட்டும். அதற்கும் பிறகு காலை வெயில். தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பேன். கடைசி வாரத்தில் மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ப் பார்ப்பேன். இலை லேசாகத் தொங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றப் போகிற பையனை, "விடுப்பா, இரு" என்று நிறுத்திவிடுவேன். ஆறு மணிக்கு மறுபடி போவேன். ஊற்றாமலே தலை நிமிர்ந்து நிற்கிற கன்றைத்தான் வண்டியில் ஏற்றுவேன்.

வணக்கம்.