கிளாஸ்கோ மாநகராட்சியும் நம் ஓட்டும்

(கிளாஸ்கோவில் நடந்த பொங்கல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் வார்டு கவுன்சிலர் அவர்களே, சனிக்கிழமைதோறும் நம் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லித் தரும் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, நம்மில் பலர் பிறப்பதற்கு முன்பே யாழ்ப்பாணத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து நமக்கெல்லாம் வழி காட்டிய டாக்டர் ஐயா அவர்களே, விடிவதற்கு முன்பே வந்து அடுப்பு மூட்டிய சமையல் குழுச் சகோதரிகளே, மற்றும் பெரியோர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் என் பொங்கல் வணக்கம்.

கவுன்சிலர் அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விளக்கேற்றியதிலிருந்து இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. நம் மாணவி ஒருவர் பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு வரியாக அவருக்குச் சொல்லி வருகிறார். அந்தப் பெண்ணுக்கும் நன்றி. டாக்டர் ஐயாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்குக் கொடுத்த நேரம் அதற்கே போதாது. இந்த மண்டபத்தில் உள்ளவர்களில் எத்தனை பேருக்கு முதல் வாடகை வீடு அவர் பேசி வாங்கிக் கொடுத்தது என்று கேட்டால், பாதிப் பேர் கை தூக்குவீர்கள்.

எனக்குத் தந்த தலைப்பு, 'நமது மாநகராட்சி: வரலாறும் அமைப்பும்'. மூன்று விஷயங்களைச் சொல்ல நினைக்கிறேன். இந்த மாநகராட்சி எப்படி வந்தது, இன்று எப்படி இயங்குகிறது, அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது. மூன்றுக்கும் அடியில் நம் பாட்டிமார் சொன்ன ஒரு பழமொழி ஓடுகிறது: அழுத பிள்ளை பால் குடிக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

1175க்கும் 1178க்கும் இடையில் ஸ்காட்லாந்து மன்னர் வில்லியம், ஜோசலின் என்ற ஆயருக்கு ஒரு பட்டயம் கொடுத்தார். வியாழக்கிழமைதோறும் சந்தை கூட்டிக்கொள்ளும் உரிமையோடு கிளாஸ்கோ ஒரு நகரமானது. 1611இல் அரச நகரம் என்ற தகுதி கிடைத்தது. அதற்கு முன்பே ஊருக்குள் ஒரு பெரிய வழக்கு இருந்தது. வியாபாரிகள் ஒரு பக்கம், தச்சர், கொல்லர், தையல்காரர், ரொட்டி சுடுபவர் என்று கைத்தொழில் செய்வோர் இன்னொரு பக்கம். ஊர் யார் கையில் என்பதுதான் சண்டை. 1605இல் ஓர் ஒப்பந்தம் எழுதி இரண்டு தரப்புக்கும் தலைவர்களை அமைத்தார்கள். அந்த இரண்டு தலைவர்களும் மக்கள் ஓட்டுப் போடாமலே, பதவியின் பேரில், 1975 வரை மாநகராட்சியில் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1833 வரை நிலைமை இன்னும் மோசம். பழைய கவுன்சிலே புதிய கவுன்சிலைத் தேர்ந்தெடுக்கும். ஊர்ச்சனத்துக்கு அதில் வேலையே இல்லை. அந்த வருடம் வந்த சீர்திருத்தச் சட்டம்தான் ஓட்டைக் கொண்டுவந்தது, அதுவும் பத்து பவுண்டு மதிப்புள்ள வீடோ கடையோ வைத்திருக்கும் ஆண்களுக்கு மட்டும்.

அப்புறம் தண்ணீர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே தண்ணீர் தனியார் சரக்கு. கம்பெனிகள் கிளைடு ஆற்று நீரை எடுத்து விற்றன. ஊரின் சாக்கடையும் அதே ஆற்றில்தான். 1832இலும், 1848-49இலும், 1853-54இலும் காலரா வந்து ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போனது. 1855இல் மாநகராட்சி சட்டம் வாங்கி, கம்பெனிகளைத் தன் கையில் எடுத்து, மலைநாட்டிலுள்ள லாக் கேட்ரின் ஏரியிலிருந்து கால்வாய் வெட்டியது. ஜான் ஃபிரெடெரிக் பேட்மன் என்ற பொறியாளர் பாறையைக் குடைந்து, பள்ளத்தாக்குகளின் மேல் பாலம் கட்டி, சுமார் 26 மைல் தூரம் பம்பு எதுவும் இல்லாமல் சரிவிலேயே தண்ணீரை ஓடவைத்தார். 1859 அக்டோபர் 14 அன்று விக்டோரியா ராணி வந்து மதகைத் திறந்தார். 1866இல் காலரா மறுபடி வந்தபோது இறந்தவர் எண்ணிக்கை நூறைக்கூடத் தொடவில்லை. இன்று வீட்டில் குழாயைத் திறந்ததும் நாம் குடிக்கிறோமே, அந்த ஏரித் தண்ணீர்தான். எரிவாயு, டிராம், மின்சாரம் எல்லாம் இதற்குப் பிறகு ஒவ்வொன்றாக மாநகராட்சி கைக்கு வந்தன. ஜார்ஜ் சதுக்கத்திலுள்ள மாநகராட்சி மாளிகை 1888இல் திறக்கப்பட்டது. உள்ளே போய்ப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய் அந்தப் பளிங்குப் படிக்கட்டைப் பாருங்கள். நம் வரிப்பணத்தில் நிற்கும் கட்டடம் அது, தயங்க வேண்டாம்.

இப்போது நான் சொல்ல ஆசைப்பட்ட கதைக்கு வருகிறேன். சகோதரிகள் சமையலறையிலிருந்து கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து கேட்க வேண்டும்.

1915. முதல் உலகப்போர். நம் கிளாஸ்கோவின் கவன் பகுதியில் கப்பல் கட்டும் தளங்களில் இரவு பகலாக வேலை. வேலைக்காக வெளியூர்களிலிருந்து ஆட்கள் குவிந்தார்கள். வீடு கிடைக்கவில்லை. வீட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள்? வாடகையை ஏற்றினார்கள், சில இடங்களில் கால் பங்கு அளவுக்கு. கணவன் போர்முனையில், மனைவி கைக்குழந்தையோடு இங்கே. கொடுக்க முடியாவிட்டால் அமீனா வருவார், சாமான்களைத் தெருவில் வைப்பார்.

கவனில் மேரி பார்பர் என்று ஒரு பெண்மணி. கம்பளம் நெய்யும் தொழிலாளியின் மகள், கப்பல் தளப் பொறியியல் தொழிலாளியின் மனைவி. அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டினார். ஏற்றிய வாடகையைக் கொடுப்பதில்லை, பழைய வாடகையை மட்டும் கொடுப்போம் என்று முடிவு. அந்தக் கூட்டம் எங்கே நடந்தது? சமையலறையில், முற்றத்தில், மாடிப்படியில். 'வாடகையை ஏற்றித் தரமாட்டோம்' என்ற அட்டை ஜன்னல்தோறும் ஏறியது. ஒவ்வொரு படிக்கட்டு வாசலிலும் ஒரு பெண் காவல், கையில் ஒரு மணி. அமீனாவின் தலை தெரிந்ததும் மணி அடிப்பார். அடித்த மாத்திரத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்தவர் மாவோடு, துணி துவைத்துக்கொண்டிருந்தவர் ஈரத்துணியோடு ஓடி வருவார்கள். மாவுப் பொட்டலம் தலையில் விழ, அமீனா வந்த வழியே ஓடுவார். நான்கு மாடிக் கட்டடத்தின் குறுகலான படிக்கட்டு முழுக்கப் பெண்கள் நின்றால், எந்த அமீனா மேலே ஏற முடியும்?

ஒருநாள் வீட்டுத் தரகர் ஒரு பெண்ணிடம், 'மற்ற எல்லோரும் கட்டிவிட்டார்கள், நீ மட்டும்தான் பாக்கி' என்று சொல்லிவிட்டார். அவரும் நம்பிக் கட்டிவிட்டார். பிறகுதான் தெரிந்தது, யாருமே கட்டவில்லை. விஷயம் மேரி பார்பர் காதுக்குப் போனது. அவர் நேராகக் கப்பல் தளத்து ஆண்களை வேலையை விட்டு இறங்கி வரச் சொன்னார். வந்தார்கள். கரிபடிந்த முகத்தோடு, ஆயிரக்கணக்கில், தரகர் அலுவலகம் இருந்த தெரு நிறைய. மேரி அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு மாடியேறி, கொடுத்த பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்டார். கீழே நிற்கும் கூட்டத்தையும் காட்டினார். தரகர் மறுபேச்சில்லாமல் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். போராட்டத்தில் கூடவே நின்ற ஹெலன் க்ராஃபர்ட் எழுதிவைத்த சம்பவம் இது.

(பலத்த கைதட்டல்)

இன்னும் முடியவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 17 அன்று, டால்மியூர் கப்பல் தளத் தொழிலாளர் பதினெட்டுப் பேரை வாடகை பாக்கிக்காக நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். பெண்கள் முன்னே, வேலையை விட்டு வந்த ஆண்கள் பின்னே, நீதிமன்ற வாசலில் ஆயிரக்கணக்கானோர். நீதிபதி மிரண்டு போனார். லண்டனில் ஆயுத உற்பத்தி அமைச்சராயிருந்த லாய்டு ஜார்ஜுக்குத் தகவல் போனது. வழக்கு கைவிடப்பட்டது. டிசம்பர் முடிவதற்குள் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, பிரிட்டன் முழுவதும் சாதாரண மக்கள் குடியிருந்த வீடுகளின் வாடகையைப் போர் தொடங்கிய நேரத்து அளவில் நிறுத்தியது. கவன் சமையலறையில் தொடங்கியது லண்டனில் சட்டமானது. அழுத பிள்ளை பால் குடிக்கும்!

ஆனால் மேரி பார்பர் தெருவோடு நிற்கவில்லை. அதற்காகத்தான் இத்தனை நேரம் இதைச் சொன்னேன். 1920இல் தேர்தலில் நின்றார். கிளாஸ்கோ மாநகராட்சிக்குள் நுழைந்த முதல் பெண்களில் ஒருவரானார். பொதுத் துணி வெளுக்கும் கூடங்கள், குளியலறைகள், பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல் என்று கேட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பால் வேண்டும் என்றும் போராடினார். கவன் சந்திப்பில் 2018இல் அவருக்குச் சிலை வைத்தார்கள். போராட்டக் கூட்டத்தின் முன்னே நடந்துபோகும் சிலை. பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

சரி, அமைப்புக்கு வருகிறேன். 1975இல் இரண்டு அடுக்கு ஆட்சி வந்தது. மேலே ஸ்ட்ராத்கிளைடு வட்டார கவுன்சில், கீழே கிளாஸ்கோ மாவட்ட கவுன்சில். 1996இல் அதை மாற்றி, ஸ்காட்லாந்து முழுவதும் 32 கவுன்சில்கள் ஆக்கினார்கள். நம்முடையது அதில் ஒன்று. போவதற்கு முன்னால் ஸ்ட்ராத்கிளைடு ஒரு நல்ல காரியம் செய்தது. தண்ணீரைத் தனியாருக்குக் கொடுக்க லண்டன் அரசு யோசித்தபோது, 1994இல் தபால் மூலம் மக்களிடமே கேட்டது. 71 சதவீதத்துக்கும் மேல் ஓட்டுப் போட்டார்கள். அதில் 97 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். இங்கிலாந்தில் தண்ணீர் 1989லேயே தனியாரிடம் போய்விட்டது. இங்கே இன்றுவரை பொதுச்சொத்து. ஓட்டின் பலம் இது.

இன்று மாநகராட்சியில் 23 வார்டுகள், 85 கவுன்சிலர்கள். ஒரு வார்டுக்கு மூன்று அல்லது நான்கு பேர். லார்டு புரோவஸ்ட் நகரத்தின் முதல் குடிமகனோ குடிமகளோ. சடங்கு, வரவேற்பு, சபை நடத்துவது அவர் பொறுப்பு. அன்றாட அரசியல் முடிவெடுப்பது கவுன்சில் தலைவர். 2022 தேர்தலில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்கு 37, லேபருக்கு 36, பசுமைக் கட்சிக்கு 10, கன்சர்வேட்டிவுக்கு 2 இடங்கள். முதலிரண்டு கட்சிக்கும் நடுவே ஒரே ஓர் இடம்தான் வித்தியாசம்! யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. இப்படிப்பட்ட சபையில் ஒரு வார்டில் சில நூறு ஓட்டு என்பது சின்ன விஷயமா?

ஓட்டுப் போடும் முறையும் 2007இல் மாறியது. அதற்கு முன் 2003இல் லேபர் கட்சி பாதிக்கும் குறைவான ஓட்டு வாங்கி, 79இல் 71 இடத்தைப் பிடித்தது. இப்போது அப்படி நடக்காது. பெருக்கல் குறி போட வேண்டாம். பிடித்த வேட்பாளருக்கு 1, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 3 என்று எண் போட வேண்டும். உங்கள் முதல் ஆள் வெளியேறினால் ஓட்டு வீணாகாது, இரண்டாமவருக்குப் போகும். நம்மவர்கள் பலர் ஒன்றைப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். தயவுசெய்து 2, 3 எல்லாம் போடுங்கள்.

இப்போது என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். 'நான் இந்தியப் பாஸ்போர்ட், எனக்கு எங்கே ஓட்டு?' என்று கேட்பவர்களை ஒவ்வொரு விழாவிலும் பார்க்கிறேன். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். சட்டப்படி இங்கே குடியிருக்கும் அந்நாட்டுக் குடிமக்களுக்கு ஓட்டு உண்டு. மாணவர் விசாவில் இருப்பவருக்கும் உண்டு. அகதி நிலை பெற்றவருக்கும், வேறு நாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவருக்கும், 2020இல் வந்த சட்டத்தால் கவுன்சில் தேர்தலில் உரிமை வந்துவிட்டது. பதினாறு வயது முடிந்த நம் பிள்ளைகளும் போடலாம், பதினான்கிலேயே பெயரைப் பதியலாம். நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர் வேட்பாளராகவே நிற்கலாம். ஸ்காட்லாந்துக் கவுன்சில் தேர்தலுக்குப் புகைப்பட அடையாள அட்டைகூடக் கேட்கமாட்டார்கள். இவ்வளவு வசதி இருந்தும், 2022இல் ஸ்காட்லாந்து முழுவதும் பாதிப் பேர்கூட ஓட்டுப் போடவில்லை.

நம் தமிழ்ப்பள்ளி வருடாவருடம் இடம் தேடி அலைவது உங்களுக்குத் தெரியும். வாடகை கட்டுப்படியாகவில்லை என்று தலைமையாசிரியை அம்மா இந்த மேடையிலேயே சொன்னார்கள். பள்ளிக்கூடங்கள் மாநகராட்சியுடையவை, சனிக்கிழமை காலையில் பூட்டிக் கிடக்கின்றன. இதே ஊரில், ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளில் ஒன்றான காலிக்கில் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று பெற்றோர் விடாமல் கேட்டார்கள். 1999இல் தொடக்கப் பள்ளி வந்தது. 2006இல் மூன்று வயது முதல் பதினெட்டு வரை ஒரே கூரையின் கீழ் காலிக்கில் படிக்கும் பள்ளி வந்தது. அவர்கள் கேட்டது ஒரு முழுப் பள்ளி. நாம் கேட்பது வாரத்தில் ஒரு காலைப்பொழுதுக்கு நான்கு வகுப்பறை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால், நாம் அழுவது யாருக்குக் கேட்கும்? கவுன்சிலர் அவர்கள் நல்லவர், இந்தக் கோரிக்கையைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். ஆனால் வாக்காளர் பட்டியலில் நம் பெயர் இல்லாவிட்டால், அவர் சபையில் யார் பெயரால் பேசுவார்?

நேரமாகிவிட்டது என்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். பணம் எங்கிருந்து வருகிறது என்ற மூன்றாவது பகுதியை இன்னொரு மேடையில் பேசுகிறேன். பெரும்பகுதி எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து அரசிடமிருந்து வருகிறது, நாம் கட்டும் கவுன்சில் வரி ஒரு பங்குதான் என்பதை மட்டும் இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கவுன்சில் தேர்தல் 2027 மே மாதம். காப்பி வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு மடிக்கணினியோடு நம் இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நேஷனல் இன்சூரன்ஸ் எண் தெரிந்தால் பெயரைப் பதிய ஐந்து நிமிடம் போதும். எண் கையில் இல்லாதவர்களுக்கு என்ன செய்வது என்றும் அவர்களே சொல்வார்கள். பள்ளிக்கூட இடத்துக்கான மனுவும் அதே மேசையில் இருக்கிறது. சாப்பாட்டு வரிசையில் நிற்கும் முன்பே அங்கே போய்விட்டு வாருங்கள், வீட்டில் இருக்கும் பதினாறு வயதுப் பிள்ளைகளையும் கையோடு கூட்டிப் போங்கள். வணக்கம்.